‘ப்ளடி சண்டே’ படத்தில் எவ்வளவு உண்மை?

கேள்வி இதுதான்: பால் கிரீன்கிராஸ் இயக்கிய ‘ப்ளடி சண்டே’ (2002) படம் பார்த்தேன். வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972இல் நடந்த சிவில் உரிமை ஊர்வலத்தை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கலைத்த கதை. செய்திப்படம் பார்ப்பதுபோலவே இருந்தது. இதில் எது நடந்தது, எது சேர்த்தது? முதலில் சுட்டது யார்? யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

பெரும்பகுதி நடந்ததுதான். அதைவிட முக்கியம், அரசாங்கம் ஒப்புக்கொள்வதற்கு எட்டு வருடம் முன்பே இந்தப் படம் அதைத் திரையில் சொல்லிவிட்டது. படம் வந்தபோது, ‘சுடப்பட்டவர்களில் சிலர் ஆயுதம் கையாண்டிருக்கலாம்’ என்ற பழைய விசாரணை அறிக்கைதான் அரசாங்க ஏடுகளில் நிலைத்திருந்தது. அதனால் படத்தை மதிப்பிடும்போது எந்த வருடம் எடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இன்று பார்ப்பவருக்கு ‘இது தெரிந்த கதைதானே’ என்று தோன்றலாம். அன்றைக்கு அது ஒரு பக்கத்து மக்களின் வாய்மொழி மட்டும்தான்.

பின்னணி கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் படம் அதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வதில்லை. டெர்ரியில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் தொகுதி எல்லைகளை வளைத்து வளைத்துப் போட்டு, நகர நிர்வாகத்தை, பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள் கொண்ட யூனியனிஸ்ட் கட்சியே பல பத்தாண்டுகளாகக் கையில் வைத்திருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டுபவருக்குத்தான் ஓட்டு. வாடகை அறையிலோ அப்பா அம்மா வீட்டிலோ இருக்கும் வயது வந்தவருக்கு இல்லை. அதனால் யாருக்கு அரசாங்க வீடு ஒதுக்குவது என்பதே அரசியல் கணக்காகிவிட்டது. இதை எதிர்த்துத்தான் சிவில் உரிமை இயக்கம் எழுந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பார்த்து அதே பாட்டுகளையும் எடுத்துக்கொண்டது. 1968 அக்டோபர் 5 அன்று டெர்ரியின் டியூக் தெருவில் போலீஸ் தடியால் அடித்ததைத் தொலைக்காட்சி காட்டியபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கும் திட்டம் வந்தது. ஒரே நாளில் 342 பேரைப் பிடித்தார்கள். அதே வாரம் பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபியில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே நின்றதும் பிரிட்டிஷ் ராணுவத்தின் பாராசூட் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன்தான், அதாவது பிறகு டெர்ரிக்கு வந்த அதே படை. அந்த 10 பேரும் குற்றமற்றவர்கள் என்று 2021இல்தான் மரண விசாரணை நீதிமன்றம் சொன்னது. படத்தில் பாராட்ரூப் வீரர்கள் சுவரோரம் பதுங்கிக் காத்திருக்கும்போது அவர்கள் பேச்சில் ஒரு வெறி தெரிகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாலிமர்ஃபி வாரம் ஒரு பதில்.

சரி, ஜனவரி 30க்கு வருவோம். அன்று ஞாயிறு. ஊர்வலங்களுக்குத் தடை இருந்தது. டெர்ரி போலீஸ் தலைவர் ஃபிராங்க் லேகன், ‘போகவிடுங்கள், நடந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்’ என்ற கருத்தில் இருந்தார். அது எடுபடவில்லை. ராணுவத் தரைப்படைத் தளபதி மேஜர் ஜெனரல் ராபர்ட் ஃபோர்ட் அதற்கு மூன்று வாரம் முன்பே, ஜனவரி 7ஆம் தேதியிட்ட ஒரு குறிப்பில், டெர்ரியின் கல்லெறியும் இளைஞர் கூட்டத்தில் தலைமை தாங்குபவர்களைத் தேர்ந்தெடுத்து, தெளிவாக எச்சரித்துவிட்டுச் சுடுவதுதான் குறைந்தபட்சப் பலம் என்ற முடிவுக்கு வருவதாக எழுதியிருந்தார். ஊர்வலத்துக்கு அதுதான் திட்டம் என்று சொல்லிவிட முடியாது; பிந்தைய விசாரணையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மேலிடத்தில் எப்படிப்பட்ட யோசனைகள் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தன என்பதற்கு இது சாட்சி.

ஊர்வலம் கிரெகன் குன்றில் புறப்பட்டது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஆயிரக்கணக்கில் மக்கள், குடும்பம் குடும்பமாக. நகர மையத்தில் இருக்கும் கில்ட்ஹாலுக்குப் போவதுதான் நோக்கம். வழியில் வில்லியம் தெருவில் ராணுவம் 14ஆம் எண் தடுப்பைப் போட்டு மறித்திருந்தது. மோதல் வேண்டாம் என்று அமைப்பாளர்கள் லாரியை ராஸ்வில் தெருப்பக்கம் திருப்பினார்கள். பெரும்பாலானவர்கள் லாரியோடு போனார்கள். இளைஞர்கள் கொஞ்சம் பேர் திரும்பாமல் நேராகத் தடுப்பை நோக்கிப் போனார்கள். படத்தில் இந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். திருப்பத்தில் நின்று ஊர்வலத் தலைவர்களில் ஒருவரான ஐவன் கூப்பர், படத்தின் நாயகன், தொண்டை கிழியக் கத்துகிறார், கூட்டம் அவரைத் தாண்டி வழிகிறது, சிலர் சிரித்துக்கொண்டே போகிறார்கள். கேமரா யாரையும் தேடிப் பிடிப்பதில்லை, இடித்துத் தள்ளப்படுகிறது. ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிவதை இவ்வளவு துல்லியமாக நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. பின்னால் நடக்கும் அத்தனைக்கும் இந்தப் பிரிவுதான் சாவி. கல்லெறிபவர்கள் இங்கே, ஊர்வலக்காரர்கள் அங்கே என்ற இடைவெளி இருக்கும்வரைதான் யாரைக் கைதுசெய்வது என்பதற்கு அர்த்தம் இருந்தது.

தடுப்பில் கல், பதிலுக்கு ரப்பர் குண்டு, கண்ணீர்ப்புகை, சாயத் தண்ணீர். டெர்ரியில் அப்போது அன்றாடம் நடந்துகொண்டிருந்ததுதான் இது. நான்கு மணிக்குச் சற்று முன்பு, வில்லியம் தெருவோரக் கட்டடம் ஒன்றிலிருந்த வீரர்கள் சுட்டதில் 15 வயதுப் பையன் ஒருவனும் ஜான் ஜான்ஸ்டன் என்ற பெரியவரும் காயப்பட்டார்கள். ஜான்ஸ்டன் ஊர்வலத்துக்கு வந்தவர்கூட இல்லை. சில மாதங்கள் கழித்து இறந்துபோனார்.

முதலில் சுட்டது யார் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: ராணுவம். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த ஐ.ஆர்.ஏ.வின் (ஐரிஷ் குடியரசுப் படை) ‘அஃபிஷியல்’ என்ற பிரிவைச் சேர்ந்த ஒருவர் அதற்குப் பிறகு ஒரு தோட்டா சுட்டார். அது ஒரு தேவாலயக் கட்டடத்தின் தண்ணீர்க்குழாயில் பட்டது. அவர் அந்த இடத்துக்குச் சுடும் நோக்கத்தோடுதான் வந்திருந்தார் என்றும், லார்ட் சாவில் என்ற நீதிபதி தலைமையில் நடந்து 2010இல் அறிக்கை தந்த இரண்டாவது விசாரணை சொல்கிறது. அன்று துணை ராணுவக் குழுக்களின் பக்கமிருந்து வேறு சில குண்டுகளும் வந்தன. ஆனால் செத்தவர்கள், காயப்பட்டவர்கள் எவரையும் சுட்டதற்கு அவை காரணமாகவோ நியாயமாகவோ ஆகவில்லை. இதை மறைக்காமல் சொல்வதுதான் நல்லது. ‘எங்கள் பக்கம் யாரும் எதுவும் செய்யவில்லை’ என்று சொல்லித்தான் இறந்தவர்களின் நிரபராதத்தைக் காக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

படத்தின் முதுகெலும்பு கட்டளை போகும் பாதை. இதில் படம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாக இருக்கிறது. அன்றைய நடவடிக்கைக்குப் பொறுப்பான பிரிகேடியர் மெக்லெல்லன் கட்டுப்பாட்டு அறையில் தயங்குகிறார். கல்லெறிபவர்களும் ஊர்வலமும் பிரிந்தாகிவிட்டதா என்று தெரியாமல் கைதுக்கு அனுமதி தர அவருக்கு மனமில்லை. கடைசியில் தரும் உத்தரவு மிகவும் குறுகியது. ஒரு கம்பெனி, 14ஆம் தடுப்பு வழியாக, ராஸ்வில் தெருவுக்குள் துரத்திக்கொண்டு போகக் கூடாது. பாராசூட் பட்டாலியனின் தலைவர் கர்னல் டெரெக் வில்ஃபோர்ட் அதோடு நிற்கவில்லை. சப்போர்ட் கம்பெனியை வண்டிகளில் ஏற்றி 12ஆம் தடுப்பு வழியாக, கத்தோலிக்கர்கள் வாழும் பாக்சைடு பகுதிக்குள்ளேயே அனுப்பினார். கவச வண்டிகள் உள்ளே பாய்ந்தவுடன் கல்லெறிந்தவன், ஊர்வலத்துக்கு வந்தவன், வேடிக்கை பார்த்தவன் எல்லாரும் ஒரே கூட்டமாக ஓட ஆரம்பித்தார்கள். அவர் வேண்டுமென்றே உத்தரவை மீறினார், அல்லது தெளிவாக இருந்த எல்லையைச் சரியான காரணமே இல்லாமல் புரிந்துகொள்ளத் தவறினார் என்பது சாவிலின் முடிவு. 2002இல் கிரீன்கிராஸ் எடுத்த காட்சியையும் 2010இல் வந்த அந்தப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

வண்டிகள் உள்ளே போனதிலிருந்து கடைசி ஆள் சுடப்பட்டது வரை சுமார் 10 நிமிடம். சிப்பாய்கள் 100க்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டார்கள். 13 பேர் அங்கேயே போனார்கள். அவர்களில் 6 பேருக்கு வயது 17. கலவரக்காரர்களை மிரட்ட ஒரு லெப்டினன்ட் தலைக்கு மேலே சுட்டதை, நம்மை நோக்கித்தான் சுடுகிறார்கள் என்று மற்ற வீரர்கள் தவறாக நினைத்திருக்கலாம் என்று சாவில் சொல்கிறார். சுற்றிலும் உயரமான ராஸ்வில் அடுக்குமாடிகள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. படத்தில் ஒலி அமைப்பைக் கவனித்தீர்களானால் இது புரியும். பின்னணி இசை கிடையாது. ரேடியோ இரைச்சல், ஓட்டம், அலறல், தோட்டா. ஆனால் சத்தக் குழப்பம் ஆரம்பத்தை மட்டும்தான் விளக்கும். தரையில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டதையும், ஏற்கெனவே குண்டடி பட்டு விழுந்து கிடந்தவரை மறுபடி சுட்டதையும் அது விளக்காது. இரண்டும் நடந்தன.

ஒரு சாவை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அடுக்குமாடிகளின் பின்புறம் பேட்ரிக் டோஹர்ட்டி என்பவர் குண்டடி பட்டுத் தரையில் கிடந்து உதவி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒதுங்கியிருந்தவர்கள் யாருக்கும் வெளியே போகத் துணிவில்லை. பார்னி மெக்கிகன், 41 வயது, ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன், ‘அவன் தனியாகச் சாகக் கூடாது’ என்று வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். தலையில் சுட்டார்கள். படம் இதைக் காட்டும்போது கேமரா அவரோடு வெளியே போவதில்லை, சுவரோரம் பயந்து நிற்பவர்களோடுதான் நிற்கிறது. பார்ப்பவரையும் அங்கேயே நிறுத்திவைக்கிறது. இரத்தக்கறைக் கைக்குட்டையை அசைத்துக்கொண்டு ஒரு பாதிரியார் முன்னே போக, பின்னே ஒரு பையனைத் தூக்கி வருகிறார்களே, அதுவும் உண்மை. அவர் எட்வர்ட் டேலி, பிறகு டெர்ரியின் ஆயரானார். அந்தப் பையன் ஜாக்கி டடி, 17 வயது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. படத்தில் ஜெர்ரி டோனகி என்ற இளைஞனாக நடித்த டெக்லன் டடி, அந்த ஜாக்கி டடியின் உறவுப் பையன்தான், மருமகன் முறை. வீரர்களாக நடித்தவர்களில் பலர் நிஜமாகவே ராணுவத்தில் இருந்தவர்கள். ஊர்வலத்தில் நடந்தவர்களில் டெர்ரி மக்களே ஏராளம். படப்பிடிப்பில் பெரும்பகுதி டப்ளினின் பாலிமன் அடுக்குமாடிப் பகுதியில் நடந்தது, ஏனென்றால் ராஸ்வில் அடுக்குமாடிகள் அதற்குள் இடிக்கப்பட்டுவிட்டன. படத்துக்கு ஆதாரமாக இருந்த சாட்சியங்களைத் தொகுத்தவர் டான் மல்லன். 15 வயதில் அந்த ஊர்வலத்தில் நடந்தவர். 1972இலேயே 700க்கு மேற்பட்ட நேரடி சாட்சியங்களை எழுதி வாங்கி விசாரணைக்குக் கொடுத்திருந்தார்கள். கிட்டத்தட்ட யாரும் அவற்றைப் படிக்கவில்லை. 25 வருடம் கழித்து அந்தக் கட்டுகளைப் பிரித்துப் புத்தகமாகப் போட்டவர் இவர். படத்தில் பாதிரியாராகவும் வருகிறார்.

அப்புறம், படம் எங்கே விலகுகிறது? மூன்று இடம் சொல்வேன்.

முதலாவது, கூப்பர். ஜேம்ஸ் நெஸ்பிட் அவரை அபாரமாகச் செய்திருக்கிறார். நிஜ ஐவன் கூப்பரும் அப்படித்தான்: புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர்கள் அதிகமுள்ள தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் மனதார நம்பியவர். ஆனால் ஊர்வலத்தை நடத்தியது வட அயர்லாந்து சிவில் உரிமைச் சங்கம். பலர் சேர்ந்து எடுத்த முடிவுகள் படத்தில் ஒருவர் தலையில் வந்து உட்காருகின்றன. பெண் தலைவர் பெர்னடெட் டெவ்லின் போன்றவர்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். கதைக்கு ஒரு முகம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனாலும் டெர்ரியின் இயக்கத்தை இந்தப் படத்தின் மூலம் மட்டும் அறிந்தவர், அதில் பெண்கள் எவ்வளவு இருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள மாட்டார். எனக்கு இது உறுத்துகிறது.

இரண்டாவது, படம் முழுக்க ஒரு இளம் ரேடியோ சிப்பாய் மனம் உறுத்தலோடு வருகிறான். அவனுக்கு மூலம், விசாரணையில் 027 என்ற எண்ணால் அறியப்பட்ட நிஜமான வீரர். சக வீரர்கள் காரணமில்லாமல் சுட்டார்கள் என்று சாட்சி சொன்னவர். ஆனால் அவர் சொன்ன எல்லாவற்றையும் சாவில் அப்படியே நம்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதுதான் கனமானது. ஜெரால்ட் டோனகியின் (முன்பு சொன்ன ஜெர்ரி) உடைப் பைகளிலிருந்து நான்கு ஆணிக்குண்டுகள் எடுக்கப்பட்டன. முதலில் அவனைச் சோதித்த ராணுவ மருத்துவர் எதையும் பார்க்கவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போனவர்களும் பார்க்கவில்லை. ராணுவத்தின் கையில் உடல் போன பிறகுதான் அவை தென்பட்டன. ஆகவே வைத்துவிட்டார்கள் என்றே டெர்ரி நம்புகிறது, படமும் அதைத்தான் காட்டுகிறது. சாவில் மாறாக, அவை அவனிடமே இருந்திருக்கக்கூடும் என்று முடிவுக்கு வந்தார். அதே மூச்சில், அவன் சுடப்பட்டது அதற்காக அல்ல, சுடப்பட்டபோது அவன் எறிய முயலவில்லை, தப்பி ஓட முயன்றுகொண்டிருந்தான் என்றும் எழுதினார். குடும்பத்தார் முதல் பாதியை இன்றும் ஏற்கவில்லை. படத்தின் அந்தக் காட்சியை நிரூபிக்கப்பட்ட உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெர்ரியின் நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவன் அநியாயமாகக் கொல்லப்பட்டான் என்பதை இது துளியும் மாற்றாது.

அரசு என்ன செய்தது என்று பார்த்தால், படம் முடியும் இடத்துக்குப் பிறகுதான் இரண்டாவது அநியாயம் தொடங்குகிறது. தலைமை நீதிபதி லார்ட் விட்ஜெரியிடம் விசாரணையை ஒப்படைத்த பிரதமர் எட்வர்ட் ஹீத், நாம் அங்கே ராணுவப் போர் மட்டுமல்ல, பிரச்சாரப் போரும் நடத்துகிறோம் என்பதை நினைவில் வையுங்கள் என்று அவரிடம் சொன்னார். அந்தக் குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. விட்ஜெரி டெர்ரியில் உட்காரவே இல்லை, கோலரெய்னில் விசாரித்தார். ஏப்ரலில் 39 பக்க அறிக்கை. சில வீரர்களின் சூடு பொறுப்பின்மையின் விளிம்பைத் தொட்டது என்பதுதான் அதில் இருந்த அதிகபட்சக் கண்டிப்பு. 1973 ஆகஸ்டில் மரண விசாரணை அதிகாரி ஹூபர்ட் ஓநீல், அவரே முன்னாள் ராணுவ மேஜர், இது அப்பட்டமான கொலை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒன்றும் நகரவில்லை.

குடும்பங்கள் விடவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் அதே பாதையில் நடந்தார்கள். 1998இல் டோனி பிளேர் புதிய விசாரணையை அறிவித்தார். லார்ட் சாவில் தலைமையில் 900க்கு மேற்பட்டவர்கள் நேரில் சாட்சி சொன்னார்கள். செலவு 19 கோடி பவுண்டைத் தாண்டியது. 2010 ஜூன் 15 அன்று அறிக்கை வந்தது. சுடப்பட்டவர்கள் யாரும் அச்சுறுத்தலாக இருக்கவில்லை, எச்சரிக்கை தரப்படவில்லை, பல சிப்பாய்கள் தெரிந்தே பொய் சொன்னார்கள். குடும்பத்தார் முன்கூட்டியே அறிக்கையைப் படிக்க கில்ட்ஹாலுக்குள் இருந்தார்கள், அதாவது 1972இல் ஊர்வலம் போய்ச்சேர முடியாத அதே கட்டடத்துக்குள். ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபோது வெளியே சதுக்கத்தில் நின்ற கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்புறம் பெரிய திரையில் டேவிட் கேமரன், நடந்ததை நியாயப்படுத்தவே முடியாது என்று நாடாளுமன்றத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மேடையில் விட்ஜெரி அறிக்கையைக் கிழித்துப் போட்டார்கள்.

தண்டனை? ஒருவருக்கும் இல்லை. ‘சோல்ஜர் எஃப்’ என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர் மீது 2019இல் இரண்டு கொலை, சில கொலை முயற்சிக் குற்றச்சாட்டுகள் போடப்பட்டன. 2021இல் வழக்கைக் கைவிட்டார்கள், குடும்பத்தார் நீதிமன்றம் போய் அதை மீட்டார்கள். 2025இல் பெல்ஃபாஸ்டில் ஜூரி இல்லாமல் விசாரணை நடந்தது. சக வீரர்கள் இருவர் 1972இல் கொடுத்த வாக்குமூலங்களைத்தான் அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது. ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் பேச மறுத்துவிட்டார். வீரர்கள் ராணுவக் கட்டுப்பாட்டை அடியோடு இழந்து, ஓடிக்கொண்டிருந்த நிராயுதபாணிகளைச் சுட்டார்கள் என்று சொன்ன நீதிபதி, இந்த ஒருவரைத் தண்டிக்க அந்தச் சான்று போதாது என்று அக்டோபரில் விடுவித்தார். விட்ஜெரி காலத்தில் ஒழுங்காக விசாரித்திருந்தால் சாட்சிகள் உயிரோடு இருந்திருப்பார்கள், துப்பாக்கிகளும் அழிக்கப்படாமல் இருந்திருக்கும். ஐம்பது வருடத் தாமதத்தின் விலையை அந்த நீதிமன்றத்தில் குடும்பத்தார்தான் கட்டினார்கள்.

படத்தின் கடைசியில் இளைஞர்கள் வரிசையில் நின்று துப்பாக்கி வாங்கும் காட்சி மிகையா என்று சிலர் கேட்பதுண்டு. மிகையில்லை. அந்த வாரங்களில் ஐ.ஆர்.ஏ.வில் சேர வந்தவர்கள் குவிந்தார்கள் என்பது அங்கே எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது, மார்ச்சில் வட அயர்லாந்தின் சொந்தச் சட்டமன்றம் முடக்கப்பட்டது, அந்த வருடம் மட்டும் 470க்கு மேற்பட்டோர் செத்தார்கள். மொத்த மோதலிலும் அதுதான் மிக மோசமான வருடம். அந்த மண்ணில் ஊர்வலத்தை மட்டுமே ஆயுதமாக நம்பியவர்கள் அன்றைக்குத் தோற்றார்கள், கூப்பர் செய்தியாளர்கள் முன் உடைந்து உட்காரும் காட்சி அதைத்தான் சொல்கிறது.

இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால் சப்டைட்டிலோடு பாருங்கள். டெர்ரி உச்சரிப்பும் ராணுவ ரேடியோ பேச்சும் முதல் தடவையில் பாதி தப்பிப்போகும். ஃபோர்ட், மெக்லெல்லன், வில்ஃபோர்ட் மூவரும் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் பின்தொடருங்கள். இந்தப் படம் வந்த அதே 2002 ஜனவரியில் ஜிம்மி மெக்கவர்ன் எழுதிய ‘சண்டே’ என்ற படமும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்தது. அது குடும்பங்களின் பக்கமிருந்து பிந்தைய வருடங்களையும் சொல்லும். விட்ஜெரி விசாரணை அந்த மக்களை என்ன செய்தது என்பது கிரீன்கிராஸ் படத்தில் கிடைக்காது, அதற்கு இதைப் பார்க்கலாம்.